சிவப்பு ஒளியும் சுருள்சிரையும்

காலில் சிரை புடைத்துச் சுருண்டு கிடக்கும் நோய்க்குச் சிவப்பு ஒளி நல்ல துணைமருந்து என்று இக்காலத்தில் ஒரு பேச்சுப் பரவி வருகிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை, கசப்பு மருந்தும் இல்லை. சிவப்பு விளக்குகள் பதித்த பட்டை ஒன்றைக் கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டு நாள்தோறும் இருபது நிமிடம் அமர்ந்திருந்தால் போதும் என்கிறார்கள். இதனை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. முழு உண்மை என்று தலையாட்டவும் முடியாது. ஒளியியலைப் பாடமாகப் பயிலும் மாணவன் என்ற முறையில், இதில் மெய் எவ்வளவு, விற்பனைப் பேச்சு எவ்வளவு என்பதை நம் மன்றத்துத் தோழர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இப்பொருளை நான் தேடிப் போகவில்லை. அதுதான் என்னைத் தேடி வந்தது. நான் குடியிருப்பது ஆரியசாலையில். சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழ் மாணவர் திருவனந்தபுரத்தில் இருக்கமாட்டார். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான அங்காடி அது. நெல்லையிலிருந்தும் குமரி நாட்டிலிருந்தும் வந்து கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கல்லாவில் நிற்கிறார்கள். ‘நிற்கிறார்கள்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தால் இரவு கடை அடைக்கும்வரை நின்றபடியே நிறுவை, நின்றபடியே கணக்கு, நின்றபடியே பேச்சு. எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஒருநாள் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டி, “தம்பி, நீ வெளிச்சத்தப் பத்தித்தானே படிக்கே? இந்தச் செவப்பு வெளக்குப் பட்டைய வாங்கிக் கட்டுனா இது வத்திருமா?” என்று கேட்டார். முழங்காலுக்குக் கீழே மண்புழுக்கள் பின்னிக்கிடப்பதுபோல் நீல நாளங்கள். கணுக்காலின் உட்புறத்தில் தோல் கருத்துத் தடித்திருந்தது. பட்டையின் விலை சில ஆயிரம் ரூபாய். அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ஒரு சொல் பற்றி. நம் வீடுகளில் இந்நோயை ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பார்கள். நரம்பு என்னும் சொல்லைத் தமிழர் உணர்ச்சியைக் கடத்தும் இழைக்கும் வழங்குகிறோம், குருதி ஓடும் குழாய்க்கும் வழங்குகிறோம், யாழின் தந்திக்கும் வழங்குகிறோம். சொல்வளம் என்று மகிழலாம். ஆனால் நோய் என்று வரும்போது இக்குழப்பம் சிறிது செலவு வைக்கும். குருதிக்குழாயில் கோளாறு இருக்க, நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை வாங்கி விழுங்குவோரை நான் கண்டிருக்கிறேன். இங்கே நாம் பேசுவது சிரையைப் பற்றி. அதாவது உடலெங்கும் சென்று களைத்த குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயைப் பற்றி.

இதயம் தள்ளுகிறது, குருதி கீழே இறங்குகிறது, இதில் வியப்பில்லை. கணுக்காலிலிருந்து அது எப்படி மேலே ஏறுகிறது? நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம். குருதியின் அடர்த்தி நீரைவிடச் சிறிது மிகுதி, 1.06, பாதரசத்தின் அடர்த்தி 13.6. 1,200 மில்லிமீட்டர் குருதித்தூணைப் பாதரசக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 94 மில்லிமீட்டர் வரும். ஆடாமல் அசையாமல் நிற்பவரின் கணுக்காற் சிரையின் சுவர் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. உடல்நலம் உள்ளவர், நோயாளி என்ற வேறுபாடு இதில் இல்லை. நிற்கும் எவருக்கும் இதுவே கணக்கு.

வேறுபாடு நடக்கும்போது தெரியும். சிரைகளுக்குள் ஒருபுறம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள் இருக்கின்றன. பாடநூல்கள் அவற்றைத் தடுக்கிதழ்கள் என்கின்றன. நாம் வால்வு என்றே சொல்லுவோம். இத்தாலியில் பதுவா நகரத்துப் பேராசிரியர் பாப்ரீசியஸ் 1603-ஆம் ஆண்டில் இவற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கதவுகளைக் கண்ட அவருக்கு அவற்றின் பயன் சரியாக விளங்கவில்லை. அவரிடம் பயின்ற வில்லியம் ஹார்வி, 1628-இல் குருதி சுற்றோட்டத்தை நிறுவியபோது அந்தக் கதவுகளையே பெருஞ்சான்றாகக் காட்டினார். அவர் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். மேற்கையைத் துணியால் இலேசாகக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒரு விரலால் சிரையை அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் மேல்நோக்கி வழித்துவிடுங்கள். குருதி மேலே போகும். கீழே திரும்பி வராது. வால்வு அடைத்துக்கொள்கிறது.

கால் நடக்கையில் கெண்டைக்கால் தசை சுருங்கித் தன்னிடையே கிடக்கும் ஆழச் சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த குருதி மேலே ஏறும், வால்வு மூடும், தசை தளரும்போது மேற்புறச் சிரையிலிருந்து குருதி உள்ளே பாயும். இப்படிச் சில அடிகள் நடந்த அளவிலேயே, கணுக்காலில் 94 ஆக இருந்த அழுத்தம் 30-க்கும் கீழே இறங்கிவிடும். கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வால்வு பழுதுபட்டவருக்கோ நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்குவதில்லை. மேலே ஏறிய குருதி கதவில்லா வீட்டுக்குள் நுழைவதுபோல் மீண்டும் கீழே வழிந்துவிடுகிறது. கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடை இடுக்குவரை செல்லும் பெருஞ்சிரையிலும் அதன் கிளைகளிலும் இக்கோளாறு மிகுதி. நம் உடலிலேயே மிக நீண்ட சிரை அதுதான்.

வேளிமலைக் குமாரசுவாமி நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்டுத் திருவனந்தபுரம் வந்து தங்குவது எங்கள் ஆரியசாலைக் கோயிலில்தான். இடையில் இரவு தங்கி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் உடன் நடந்து வருவோரும் உண்டு. அந்த ஊர்வலத்தை வரவேற்கக் கடைவாசலில் வந்து நிற்கும் வணிகரின் கெண்டைக்காலுக்கு அவ்வளவு தொலைவு நடந்தவர் காலுக்குக் கிடைத்த பிழிதல் கிடைப்பதில்லை. நடப்பது வேறு, நிற்பது வேறு. கால் வலிக்கு நடையே காரணம் என்று எண்ணி நடையைக் குறைத்துக்கொள்வோர் பலர். சிரை நோயில் அது நேர்மாறான மருந்து.

நிற்பது மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. முதுமை, உடற்பருமன், கருவுற்ற காலம் ஆகியனவும் சிரையை நெகிழச் செய்யும். பெண்களின் நோய் என்று இதனைப் பலர் கருதுகின்றனர்; ஆனால் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயதுவரை உள்ளோரிடம் நடத்தி 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பெருஞ்சிரைப் புடைப்பு ஆண்களில் 40 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 32 விழுக்காட்டினருக்கும் இருந்தது. ஆண்கள் வேட்டிக்குள்ளும் கால்சட்டைக்குள்ளும் மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள் போலும்!

நோய் வளரும் வகையையும் அறிந்துகொள்ளவேண்டும். முதலில் மாலையில் கால் கனக்கும், செருப்பு இறுகும், இரவில் கெண்டை இழுக்கும். அழுத்தம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் செங்குருதி அணுக்கள் நுண்குழாய்களினின்று கசிந்து தோலடியில் சிதையும். அவற்றில் இருந்த இரும்பு அங்கே தங்கித் தோலைக் கருக்கச் செய்யும். அடுத்து அரிப்பு, பிறகு தோல் தடித்து இறுகும், ஒரு சிறு கீறல் பட்டாலும் ஆறாத புண்ணாகும். அண்ணாச்சியின் கணுக்காலில் நான் கண்ட கருமை அழுக்கும் அன்று, வெயிலும் அன்று. புண்ணுக்கு முந்தைய படி அது. ஆகவேதான் அவர் கேள்விக்கு ‘வாங்கிக் கட்டிப் பாருங்கள்’ என்று பொழுதுபோக்காக விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி ஒளிக்கு வருவோம்.

ஒளியை மருந்தாக்கிய பெருமை டென்மார்க்கு நாட்டு நீல்ஸ் பின்சனுக்கு உரியது. தோலில் வரும் காசநோயைச் செறிந்த வில்விளக்கு ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே பின்சன் 1893-இல் வேறொன்றும் சொன்னார். பெரியம்மை கண்டவர்களைச் சிவப்புத் திரையிட்ட அறையில் கிடத்தினால் தழும்பு குறையும் என்றார். பல நாடுகளில் சிவப்பு அறைகள் எழுந்தன. பின்னர் அவற்றால் பயனில்லை என்று தெரிந்து கைவிடப்பட்டன. ஒரே அறிஞரின் ஒரு கருத்து நிலைத்தது, மற்றொன்று உதிர்ந்தது. அவர் புகழ் இரண்டுக்கும் ஒன்றுதான். சோதனை ஒன்றையே நிறுத்தியது.

1960-இல் முதல் லேசர் பிறந்தது. 1967-இல் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய எலிகளின் முதுகை மழித்துச் சிவப்பு லேசரைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை. மாறாக, ஒளிபட்ட எலிகளுக்கு மயிர் விரைவில் வளர்ந்தது! அவர் பிறகு ஆறாத புண்களில் இதனைச் சோதித்தார். 1990-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகச் செடி வளர்க்க உருவாக்கிய சிவப்பு எல்.ஈ.டி. விளக்குகள் புண் ஆற்றும் ஆராய்ச்சிக்கும் பயன்பட்டன. லேசர் விலை மிகுந்தது, எல்.ஈ.டி. மலிவானது. இன்று விற்கும் பட்டைகளில் இருப்பவை எல்.ஈ.டி.களே. 630 முதல் 670 நானோமீட்டர்வரை உள்ள சிவப்பும், 810 முதல் 850 நானோமீட்டர்வரை உள்ள, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பும் அவற்றில் மிகுதியாக வழங்குகின்றன.

ஒளி உயிரணுவுக்குள் என்ன செய்கிறது? உயிரணுவின் ஆற்றல் உலையாகிய மைட்டோகாண்டிரியாவில் சைட்டோக்ரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி உண்டு. செம்பும் இரும்பும் கலந்த அந்நொதி சிவப்பொளியையும் அகச்சிவப்பையும் உறிஞ்சுகிறது. அதனால் ஆற்றல் உற்பத்தி பெருகுகிறது என்பதும், அந்நொதியைப் பற்றிக்கொண்டிருந்த நைட்ரிக் ஆக்சைடு விடுபடுகிறது என்பதும் ஆராய்ச்சியாளர் முன்வைக்கும் விளக்கம். இது வெறுங்கதையன்று. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு வாயில் உண்டாகும் கொடிய புண்களைத் தடுக்க இவ்வகை ஒளியைப் பயன்படுத்தலாம் என்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. வாய்க்குள் மெல்லிய சவ்வு; ஒளி படவேண்டிய இடத்தில் நேரே படுகிறது. கால் அப்படியன்று. இங்கேதான் இயற்பியல் நுழைகிறது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடிப்பாருங்கள். விரல்கள் செக்கச்செவேல் என ஒளிரும். வெள்ளொளியில் நீலமும் பச்சையும் குருதியால் உறிஞ்சப்பட, சிவப்பு மட்டும் மிஞ்சி வெளிவருகிறது. சிவப்பு உடலுக்குள் புகும் என்பதற்கு இதுவே சான்று என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். சான்றுதான். ஆனால் இன்னும் கூர்ந்து நோக்குங்கள்: விரலுக்குள் எலும்பின் நிழல் தெரிகிறதா? தெரியாது. உள்ளே சென்ற ஒளி நேர்வழியில் போகாமல் மூடுபனியில் பட்ட வெளிச்சம்போல் எல்லாப் பக்கமும் சிதறிவிடுகிறது. சிதறியபின் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் உள்ள சிரையை அது குறிவைத்துத் தாக்குவதெங்கே?

ஒரு கணக்குப் போடுவோம். ஒவ்வோர் இரண்டு மில்லிமீட்டருக்கும் ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போவதற்குள் ஐந்துமுறை தேய்ந்துவிடும். நூறு பங்கு புறப்பட்டால் அரைப் பங்கும் போய்ச் சேராது. அகச்சிவப்பு சற்று ஆழம் போகும். எனினும் தேய்வு தேய்வுதான். தோலடியில் புழுப்போல் நெளியும் கிளைச் சிரைகளை ஒளி எட்டும். ஆனால் கோளாற்றின் தாய்வீடு பெரும்பாலும் தொடை இடுக்கிலோ முழங்காலுக்குப் பின்னாலோ, கொழுப்புக்கும் தசையுறைக்கும் இடையே கிடக்கிறது. கெண்டைக்காலில் கட்டிய பட்டை அந்த இடத்தில் படுவதே இல்லை.

தோலின் நிறமும் கணக்கில் சேரும். கருமையைத் தரும் மெலானின் சிவப்பொளியையும் ஓரளவு உறிஞ்சுகிறது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், அது 660, 940 நானோமீட்டர் ஒளிகளைக் கொண்டே குருதியின் பிராணவாயு அளவைச் சொல்கிறது. கறுப்பினத்து நோயாளிகளிடம் அக்கருவி உண்மையான குறைவைக் காட்டத் தவறுவது வெள்ளையரிடத்தினும் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. பட்டையின் அட்டையில் அச்சிட்ட ‘இருபது நிமிடம்’ யாருடைய தோலுக்கு அளந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சிரை நோயால் கருத்த தோலுக்கோ இக்கேள்வி இன்னும் பொருந்தும்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கவேண்டும்; விற்பனைப் பேச்சுக்கு வலிமை தருவதே இதுதான். ‘பெரிய மருத்துவமனைகளிலேயே சுருள்சிரைக்கு லேசர்ச் சிகிச்சை செய்கிறார்களே, இதுவும் ஒளிதானே?’ என்கிறார்கள். மருத்துவமனையில் செய்வது முற்றிலும் வேறு. அல்ட்ராசவுண்டு துணைகொண்டு, பழுதான சிரைக்குள்ளேயே மெல்லிய ஒளியிழை ஒன்றைச் செலுத்துகிறார்கள். சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த நீரை ஊசியால் ஏற்றுகிறார்கள். பிறகு லேசரை இயக்கிக்கொண்டே இழையை மெல்ல வெளியே இழுக்கிறார்கள். தொடக்கத்தில் குருதி உறிஞ்சும் 810 நானோமீட்டர் ஒளியையும், பின்னர் நீர் உறிஞ்சும் 1470 நானோமீட்டர் ஒளியையும் பயன்படுத்தலாயினர். சிரையின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் 60 முதல் 80 ஜூல்வரை ஆற்றல் செல்லும். அந்த வெப்பத்தில் சிரையின் சுவர் வெந்து சுருங்கி மூடிக்கொள்ளும். குருதி நல்ல சிரைகள் வழியே போகும். அங்கே ஒளி செய்வது சுட்டு அடைக்கும் வேலை. பட்டையின் ஒளியோ சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூல் மட்டும் தந்து, சூடேற்றாமல் உயிரணுவைத் தூண்ட முயல்வது. சமையலறை அடுப்பும் சாமிவிளக்கும் இரண்டும் நெருப்புத்தான். சாமிவிளக்கில் சோறு வேகாது.

‘சிவப்பொளி குருதிக்குழாய்களை விரித்து ஓட்டத்தைப் பெருக்கும்’ என்று விளம்பரங்கள் பெருமையாகச் சொல்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு குழாய்ச் சுவரைத் தளர்த்தும் என்பது உண்மையே. ஆனால் அன்பர்களே, சுருள்சிரையில் என்ன குறை? சிரை ஏற்கெனவே விரிந்துவிட்டது. விரிந்ததனால் கதவின் இரண்டு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. விரிந்ததை மேலும் விரிப்பதாகச் சொல்வதை மருந்தின் சிறப்பாகக் கொள்வது எப்படி? விரிந்த சிரையைச் சுருக்கி, கிழிந்த வால்வைத் தைத்துக் கொடுக்கும் ஆற்றல் வெளியிலிருந்து படும் எந்த ஒளிக்கும் நிறுவப்பட்டதில்லை.

சிரைப்புண்ணுக்கு லேசர் ஒளி உதவுமா என்பதைக் காக்ரேன் அமைப்பினர் 1999-இல் ஆராய்ந்தனர். அவர்கள் கண்டெடுத்த சோதனைகள் நான்கே, எல்லாம் சிறியன. பயன் உண்டு என்பதற்குச் சான்றில்லை என்பதே அவர்கள் முடிவு. ஒரு சிறு சோதனையில் மட்டும் லேசரும் அகச்சிவப்பும் சேர்ந்து பெற்றவர்களின் புண் மிகுதியாக ஆறியிருந்தது. வேடிக்கை என்னவெனில், அச்சோதனையில் பின்தங்கிய கூட்டத்தார் வெறும் சிவப்பொளி பெற்றவர்கள்!

அப்படியானால் பட்டையால் ஒன்றுமே இல்லையா? தோலின் மேற்பரப்பில் இதமான வெதுவெதுப்பு உண்டு. வலியும் வீக்கமும் சிலருக்குத் தணிவதாகச் சிறு ஆய்வுகள் பேசுகின்றன. நாள்தோறும் இருபது நிமிடம் காலை நீட்டி உயர்த்தி அமர்ந்திருப்பதும் தன்னளவில் ஒரு மருந்து. அப்பயனை ஒளியின் கணக்கில் எழுதிவிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. மருத்துவர் சொன்ன சிகிச்சையோடு கூடுதலாக, கையில் பணம் இருப்பவர், நல்ல தோலின்மேல் கட்டிக்கொள்வதில் பெருந்தீங்கு இல்லை. கண்ணுக்கு நேரே வைக்கக்கூடாது. ஒளிக்கூச்சம் உண்டாக்கும் மருந்துகள் உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இருபது நிமிடம் நல்லதென்றால் ஒரு மணி நேரம் மும்மடங்கு நல்லது என்றும் எண்ணவேண்டா. அளவு மிஞ்சினால் பயன் குறைந்துபோவதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். துணைமருந்து என்று சொல்வதற்குப் பொருள், முதல்மருந்து வேறொன்று இருக்கவேண்டும் என்பதே. அண்ணாச்சிக்கு முதல்மருந்து இன்னும் தொடங்கவே இல்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு ஆறுமாதம் பார்ப்போம் என்று அவர் காத்திருந்தால், அந்த ஆறுமாதத்தில் கணுக்கால் தோல் பிளந்துவிடக்கூடும். இதையே அவரிடம் சொன்னேன். “அப்ப வெளக்கு வேண்டாங்கே, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுதே” என்றார். ஆம் என்றேன்.

மருத்துவமனையில் முதலில் செய்யவேண்டியது டாப்ளர் அல்ட்ராசவுண்டு. நோயாளியை நிற்கவைத்து, கெண்டையைப் பிழிந்துவிட்டு, குருதி எந்த இடத்தில் எவ்வளவு நேரம் பின்னோக்கி வழிகிறது என்று திரையில் பார்ப்பார்கள். வலி இல்லை, ஊசி இல்லை. 1951-இல் தொடங்கிய நம் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு ஆரியசாலையிலிருந்து ஒரு பேருந்துப் பயணம்; அவ்வளவுதான். பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2013-இல் வகுத்த நெறியில், பழுதான பெருஞ்சிரைக்கு முதலில் வெப்பத்தால் அடைத்தல். அது பொருந்தாவிடில் நுரைமருந்து ஏற்றி அடைத்தல். அதுவும் பொருந்தாவிடில் அறுவை என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். சிவப்பொளி அவ்வரிசையில் இடம்பெறவில்லை. புண் வந்தபின்னும் காலந்தாழ்த்தலாகாது. பிரிட்டனில் 450 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், இரு சாராருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஆனால் சிரையை உடனே அடைத்தவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் புண் ஆறியது, காத்திருந்து அடைத்தவர்களுக்கு அதற்கு 82 நாள் பிடித்தது.

அழுத்தக் காலுறை பற்றி இரண்டு சொல். சாதாரணக் காலுறை போன்றதன்று அது. கணுக்காலில் மிக இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் நெய்தது. 94 மில்லிமீட்டர் அழுத்தத்துக்கு வெளியிலிருந்து எதிர் அழுத்தம் தரும் எளிய இயற்பியல். காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே, வீக்கம் ஏறாத காலில், அணியவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை அணிவது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீரிழிவு உள்ளவரும் நெடுங்காலம் புகைபிடித்தவரும் மருத்துவரிடம் காட்டாமல் அணியவே கூடாது. அவர்களுக்குக் காலுக்கு வரும் தமனி ஓட்டமே குன்றியிருக்கக்கூடும்; அதன்மேல் காலுறையும் இறுக்கினால் விரல்கள் கெடும்.

கடைத்தெருவில் மற்றொரு மருந்து உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டா. மூன்றுகால் முக்காலி போதும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைகளில் வேலை பார்த்த பெண்கள், பகல் முழுதும் உட்காரவிடாமல் நிறுத்திவைப்பதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். அவர்களைத் திரட்டிய விஜி, தையல் தொழிலாளியாய் இருந்தவர். ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பை உருவாக்கியவர். கால்வீக்கமும் சுருள்சிரையும் அவர்கள் சொன்ன முறையீடுகளில் முதன்மையானவை. பல ஆண்டுப் போராட்டத்தின் பின், 2018-இல் கேரள அரசு கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளருக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 22அ என்னும் பிரிவைச் சேர்த்து அவ்வாறே விதித்தது. இந்த இரண்டு வரிச் சட்டம் எந்த விளக்குப் பட்டையைக் காட்டிலும் மிகுந்த கால்களைக் காக்கும் என்பது என் எண்ணம். ஆனால் சட்டம் இருக்கையைத் தரச் சொல்கிறதே ஒழிய, தன் கடையில் தானே நிற்கும் அண்ணாச்சியை உட்காரச் சொல்ல அதனால் முடியாது. வாடிக்கையாளர் வரும்போது முதலாளி உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்பது எங்கள் தெருவின் பழைய எண்ணம். நின்றே ஆகவேண்டுமென்றால், நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை செய்தால் கெண்டைக்கால் தன் வேலையைச் செய்துவிடும். எடைபோடும்போதும் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

கடைசியாக, வீட்டில் சுருள்சிரை உள்ள பெரியவர் இருப்பவர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, கெண்டை வலித்தால் அது ஆழச் சிரையில் குருதி உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே இடர். அந்தக் காலைப் பிடித்துவிடாமல், விளக்கும் கட்டாமல், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். மற்றொன்று, புடைத்த சிரை குளிக்கும்போதோ சொறியும்போதோ வெடித்து, குருதி பீறிட்டு வருவது. பார்ப்பவர் பதறி நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். உட்கார்ந்தால் குருதி நிற்காது. உடனே தரையில் படுக்கவைத்து, காலை இதயத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, தூய துணியை மடித்து வெடித்த இடத்தின்மேல் விரல்களால் அழுத்தவேண்டும். பத்து நிமிடம் விடாமல் அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். நின்றபின் துணியை எடுத்துப் பார்க்காமல், அதன்மேலேயே கட்டுக்கட்டி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.